தண்ணி வந்துச்சுங்களா? – கோவைக்காரர்களின் புலம்பல் வரலாறு

கோயமுத்தூரில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "சாப்டீங்களா?". இரண்டாவது கேள்வி "உங்க வீதியில தண்ணி வந்துச்சுங்களா?". மூன்றாவது கரண்ட் பற்றி. நாலாவது, வருகிற வழியில் குறுக்கே விழுந்த பைக்காரனைப் பற்றி. அதற்குள் டீ ஆறிப் போயிருக்கும் :-)

நம் ஊரில் எல்லோருக்கும் பொதுவான இலக்கியம் என்று ஒன்று உண்டென்றால் அது புலம்பல்தான். பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் என்று வித்தியாசமே கிடையாது. நான் படிப்பது பி.காம். வரலாறு என் பாடம் இல்லை. ஆனாலும் இந்தப் புலம்பல் எப்போது ஆரம்பித்தது, என்றைக்காவது இதனால் ஏதாவது நடந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். தேடத் தேட சுவாரசியமாக இருந்தது. நடந்திருக்கிறது! இன்று நாம் சாதாரணமாகத் திருகுகிற குழாய், தட்டுகிற சுவிட்ச் இரண்டுக்கும் பின்னால் ஒரு பெரிய புலம்பல் இருக்கிறது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

உப்புத் தண்ணி, நல்ல தண்ணி

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். கோவை வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர் இரண்டு ஜாதி. துணி துவைக்க, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி. குடிக்க, சமைக்க நல்ல தண்ணி. உப்புத் தண்ணி கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ வருவது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணி என்றால் நம் ஆட்கள் மனதில் முதலில் வருவது சிறுவாணி.

இந்தப் பிரிவினை ஏன் வந்தது? கோவை மலைக்குப் பக்கத்தில் இருந்தாலும் மழை குறைவான ஊர். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலையின் கேரளப் பக்கம் வாங்கிக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது காற்றும் கொஞ்சம் தூறலும்தான். அதனால்தான் நொய்யலில் அணைக்கட்டுகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று வரிசையாகக் குளங்களை நிரப்பி வைத்தார்கள் நம் முன்னோர்கள். விவசாயத்துக்கும் நிலத்தடி நீருக்கும் அது அருமையான ஏற்பாடு. ஆனால் 1866ல் நகராட்சியாகி ஊர் பெருத்தபோது குடிதண்ணீருக்கு அது போதவில்லை. கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு. குளத்து நீரைக் குடிப்பதா என்றால் காலரா பயம். 1901 கணக்கெடுப்பில் கோவையின் மக்கள்தொகை சுமார் 53 ஆயிரம். அத்தனை பேருக்கும் நல்ல தண்ணீருக்கு வழி இல்லை.

போதாக்குறைக்கு 20ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிளேக் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. இன்றும் கோவையில் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் கோயில்கள் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். பிளேக் தண்ணீரால் பரவும் நோய் அல்ல, எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சியால் பரவுவது. ஆனாலும் நெருக்கமான பழைய வீதிகளிலேயே இனியும் இருக்க முடியாது, ஊர் விரிய வேண்டும் என்ற எண்ணத்தை அது அழுத்தமாகக் கொண்டுவந்தது. ஊர் விரிந்தால் குழாய் வேண்டும். குழாய் போட்டால் அதில் விடத் தண்ணீர் வேண்டும்.

நாற்பது வருஷப் புலம்பல்

இந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்ன ஒருவர் இருந்தார். சே.ப.நரசிம்மலு நாயுடு (1854–1922). பத்திரிகையாளர், பயண நூல்கள் எழுதியவர், 1885ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குப் போனவர்களில் ஒருவர். டவுன்ஹால் ஸ்டாப்பில் தினமும் பஸ் ஏறுகிறோமே, அந்த டவுன்ஹால் கட்டடம் 1892ல் எழும்ப முக்கியக் காரணமும் அவர்தான். ஸ்டாப் தெரியும், ஆள் தெரியாது. நம் ஊர் வழக்கம்!

மேற்கே மலைக்காட்டுக்குள் முத்திக்குளம் பக்கம் ஓடும் சிறுவாணி நீரைக் கோவைக்குத் திருப்ப வேண்டும் என்று அவர் 1880களின் கடைசியிலேயே பேச ஆரம்பித்தார். சிறுவாணி இயல்பாக ஓடுவது அட்டப்பாடிப் பக்கம். போய்ச் சேருவது பவானியில். அதை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். ஒரு சின்ன நகராட்சி கனவில்கூட நினைக்க முடியாத செலவு. ஆனால் ஒரு பெரிய அனுகூலமும் இருந்தது. தண்ணீர் இருக்கும் இடம் மேலே, ஊர் கீழே. குடைந்து விட்டால் போதும், பம்பு இல்லாமல் தானாகவே இறங்கி வரும்.

அவர் எழுதினார், பேசினார், வற்புறுத்தினார். வருஷங்கள் ஓடின. 1922ல் அவர் காலமாகிவிட்டார். சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வந்தது 1929ல். அதை முடித்துக் காட்டியது சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்த காலம். (ஆர்.எஸ்.புரம் என்பதன் விரிவு ரத்தினசபாபதிபுரம். காபி குடிக்கப் போகும்போது ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.) ஆக, கேட்க ஆரம்பித்தவருக்கும் குழாயில் தண்ணீர் வந்ததற்கும் நடுவே சுமார் நாற்பது வருஷம். கேட்டவர் குடிக்கவே இல்லை.

சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வோம். அப்படியானால் முதலிடம் எது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு ஆற்றின் பெயர் வரும். போட்டியை யார் நடத்தினார்கள் என்று கேட்டால் பதிலே வராது :-) ஆனால் சுவைக்குக் காரணம் உண்டு. ஆள் நடமாட்டம் குறைந்த காட்டில் பெய்த மழை, அதிக உப்பைக் கரைக்காத பாறை மேல் ஓடி, நேராக வருகிறது. தலைமுறை தலைமுறையாக உப்புத் தண்ணி குடித்த நாக்குக்கு அது அமிர்தமாகத்தானே இருக்கும்?

ஊர் வளர்ந்தது, பழைய ஏற்பாடு போதவில்லை. 1973ல் தமிழ்நாடும் கேரளாவும் ஒப்பந்தம் போட்டன. பாலக்காடு மாவட்டத்தில் புதிய அணை, செலவு நம்முடையது, 1984ல் முடிந்தது. பிறகு பவானியிலிருந்து பில்லூர்த் திட்டங்கள். ஆனாலும் மழை பொய்த்தால் கதை கந்தல்தான். 2016ல் பருவமழை ஏமாற்றி, 2017 கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்தைத் தொட்டது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு வேறு சிக்கல். சுமார் 50 அடி வரை தேக்கக்கூடிய அணையில், பாதுகாப்பு காரணம் சொல்லி 45 அடிக்குப் பக்கத்திலேயே கேரளா நிறுத்திவிடுவது பல வருஷம் செய்தியானது. நம் குழாயின் திருகு ஒன்று மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அப்போதுதான் நம்மில் பலர் கவனித்தோம்.

பைக்காராவில் இருந்து வந்த வெளிச்சம்

தண்ணீர் வந்த மூன்றே வருஷத்தில் கரண்ட் வந்தது. நீலகிரியில் பைக்காரா நீரை சுமார் 3000 அடி உயரத்திலிருந்து குழாய் வழியாக சிங்காராவுக்கு இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டம் 1932ல் இயங்க ஆரம்பித்தது. அங்கிருந்து கோவைக்குக் கம்பி இழுத்தார்கள். அதற்கு முன்பும் இங்கே மில் உண்டு. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888லேயே ஸ்பின்னிங் மில் ஆரம்பித்துவிட்டார். ஆனால் கோவை 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பட்டம் வாங்கக் காரணம் பைக்காராவுக்குப் பிறகு வரிசையாக முளைத்த மில்கள்தான்.

மில்லைவிட எனக்கு ஆச்சரியமாக இருப்பது தோட்டம். கொங்கு நாட்டில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் பழைய முறைக்குப் பெயர் 'கவலை'. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, தோல் பறியில் தண்ணீர் மேலே வரும். மாடு பின்னால் ஏற, பறி கீழே போகும். விடிகாலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை. பெயரே கவலை, வேறென்ன சொல்ல! 1937ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் உள்ளூரிலேயே மின் மோட்டார் தயாரித்தார்கள். இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பிறகு மோட்டாரும் பம்பும் கோவையின் குடிசைத் தொழில் மாதிரி ஆகிவிட்டன. 1957ல் தமிழ்நாடு மின்சார வாரியம் உருவான பிறகு கிராமங்களுக்குக் கம்பி வேகமாகப் போனது. கவலை ஓய்ந்தது. புதிய கவலை வந்தது. அதன் பெயர் கரண்ட் பில்.

பைசாவுக்காகப் போன உயிர்கள்

1970ல் விவசாய மின்கட்டணம் உயர்ந்தது. யூனிட்டுக்கு ஒன்றிரண்டு பைசாக் கணக்கு. இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நாள் முழுக்க மோட்டார் ஓட வேண்டிய தோட்டத்தில் யூனிட்டுகள் ஆயிரக்கணக்கில் போகும். விளைந்த பொருளுக்கு விலை வைக்கும் உரிமை விவசாயிக்கு இல்லை, ஆனால் செலவை மட்டும் வேறொருவர் ஏற்றுகிறார். (காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது புரியும். விற்பனை விலை நம் கையில் இல்லை என்றால் ஒவ்வொரு பைசாச் செலவும் நேராக லாபத்தில்தான் கை வைக்கும்.)

கோவை வட்டாரத்து விவசாயிகள் திரண்டார்கள். முன்னால் நின்றவர் நாராயணசாமி நாயுடு. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். திருப்பூரிலிருந்து ஈரோடு, கோபி பக்கம் போகும்போது நாம் கடந்து போகிற அதே பெருமாநல்லூர்தான். அவர்கள் நினைவாக இன்றும் ஒவ்வொரு ஜூன் 19லும் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள்.

1972ல் மறுபடி கட்டணப் பிரச்சினை. இந்த முறை விவசாயிகள் செய்ததுதான் சரித்திரம். மாட்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டு கோவைக்குள் வந்தார்கள். சாரை சாரையாக வண்டிகள் ரோடுகளை அடைத்து நின்றன. கொடி பிடிக்கும் ஊர்வலத்தைக் கலைக்கலாம். நடு ரோட்டில் நிற்கும் ஆயிரம் மாட்டை என்ன செய்வது? அந்த ஜூலை 5 அன்று மாநிலத்தின் பல இடங்களில் துப்பாக்கிச்சூடு நடந்து விவசாயிகள் உயிரிழந்தார்கள். அந்த நாளை விவசாய சங்கங்கள் இன்றும் உழவர் தினமாக அனுசரிக்கின்றன. கடைசியில் அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது. கட்டணம் குறைந்தது.

போராட்டம் அதோடு முடியவில்லை. 1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. அந்த வருஷக் கடைசியில் நாராயணசாமி நாயுடு காலமானார். 1989–91 தி.மு.க. ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் அது விரிந்தது.

முழு வெற்றியா? இங்கே எனக்கு ஒரு நெருடல் உண்டு. பில் போன பிறகு மீட்டருக்கும் வேலை இல்லாமல் போனது. ஒரு லிட்டர் அதிகம் இறைத்தாலும் கூடுதல் செலவு பூஜ்யம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 500 அடி போட்டால் நாம் 600. இன்று கொங்கு மண்டலத்தில் ஆயிரம் அடி போர் என்பது யாரையும் திடுக்கிட வைக்காத வார்த்தை. இலவசம் வந்த பிறகு "எத்தனை மணி நேரம் கொடுக்கிறாய், எந்த நேரத்தில் கொடுக்கிறாய்" என்று அதட்டிக் கேட்கும் உரிமையும் கொஞ்சம் தேய்ந்தது. நடுராத்திரி மூன்று ஃபேஸ் வந்தாலும் எழுந்து போய் மோட்டார் போட வேண்டியதுதான்.

ஒரு ரயில்வே கதை

பெருமாநல்லூரில் துப்பாக்கி வெடித்த அதே 1970ல், ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். ஒரு சேவை கெட்டுப்போனால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் விஷயம். அவர் சொன்ன வழிகள் இரண்டு. ஒன்று, விலகிப் போவது. இன்னொன்று, குரல் கொடுப்பது.

அவருக்கு இந்த யோசனையைத் தந்தது நைஜீரிய ரயில்வே. அங்கே ரயில் சேவை படுமோசம். நிலக்கடலை மூட்டைகளை ஏற்றிப் போக லாரிகள் போட்டிக்கு வந்தன. போட்டி வந்தால் ரயில்வே திருந்தும் என்றுதானே நம் பாடப்புத்தகம் சொல்கிறது? திருந்தவில்லை. காரணம், தரம் வேண்டும் என்று சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்குப் போனார்கள். அரசு ரயில்வே என்பதால் நஷ்டம் வந்தாலும் மூடப் போவதில்லை. சத்தம் போடுபவர்கள் போன பிறகு ரயில்வே நிம்மதியாக மோசமாகவே ஓடியது!

இதைப் படித்ததும் எனக்கு நைஜீரியா தெரியவில்லை, நம் வீதிதான் தெரிந்தது.

கேன், இன்வெர்ட்டர், போர்

2008லிருந்து சில வருஷம் தமிழ்நாட்டை ஆட்டிப் படைத்த மின்வெட்டு நினைவிருக்கிறதா? எங்கள் செட் அப்போது ஆரம்பப் பள்ளி. மெழுகுவர்த்தியில் வாய்ப்பாடு படித்த தலைமுறை. 2012ல் சென்னைக்கு அறிவித்த வெட்டு 2 மணி நேரம். கோவை மாதிரி மற்ற மாவட்டங்களுக்கு அறிவித்தது அதைப்போல இரண்டு மடங்கு, நடைமுறையில் 10 மணி நேரத்தைத் தாண்டிய நாட்களும் உண்டு. சிறு பட்டறைகளும் விசைத்தறிகளும் முடங்கின. தொழில் அமைப்புகள் போராடின, உண்மை. ஆனால் வீடுகள் என்ன செய்தன? முடிந்தவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் கோபம் ஆறிவிட்டது.

தண்ணீரிலும் அதேதான். குழாயில் வராவிட்டால் போர். போர் உப்பு என்றால் ஆர்.ஓ. அதுவும் சரியில்லை என்றால் 20 லிட்டர் கேன். வந்த தண்ணீரைப் பிடித்து வைக்க தரைக்குக் கீழே தொட்டி, மேலே ஏற்ற மோட்டார், மொட்டைமாடியில் சின்டெக்ஸ். யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு வீடும் ஒரு குட்டி குடிநீர் வாரியம் நடத்துகிறது! இந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் வராது. வரி ஏறினால் சண்டைக்குப் போகிற நாம், இந்த வரியை மட்டும் முகம் சுளிக்காமல் கட்டுகிறோம்.

ரோட்டிலும் அப்படியே. டவுன் பஸ்ஸில் இடம் இல்லை என்றால் பஸ்ஸைக் கேட்பதில்லை, இ.எம்.ஐ.யில் வண்டி எடுக்கிறோம். எல்லோரும் வண்டி எடுத்ததும் ரோடு போதவில்லை. ரோடு போதாததால் ராங் சைடில் வருகிறோம், பிளாட்ஃபார்மில் ஏறுகிறோம். பிறகு ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறோம். 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்து, அதற்கு ஜி.டி.நாயுடு பெயரும் வைத்தார்கள். வண்டியில் போகிறவர்களுக்கு நல்ல வசதி. கீழே ரோட்டைக் கடக்க நிற்கும் பாட்டிக்குப் பாலம் எதுவும் செய்துவிடாது.

யார் கேட்பது?

இன்னொரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். 2016 அக்டோபரோடு தமிழ்நாட்டில் நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருஷத்துக்கும் மேல் கோவைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அந்த இடைவெளியில்தான், 2018 ஜனவரியில், நகருக்கு 24 மணி நேரமும் குடிநீர் தருவதற்காக பிரான்ஸ் நாட்டு சூயஸ் நிறுவனத்தோடு 26 வருஷ ஒப்பந்தம் போடப்பட்டது. ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். கட்சிகளும் அமைப்புகளும் எதிர்த்தன, அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது. நான் கேட்பது வேறு. அடுத்த கால் நூற்றாண்டுக்கான தண்ணீர் முடிவு எடுக்கும்போது, நம் வார்டின் சார்பில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க நாம் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லை. அது நம்மில் எத்தனை பேருக்கு உறுத்தியது? கேன் வந்துகொண்டிருந்தது, இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உறுத்தவில்லை.

கேன் வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் கேன் உண்டு. தாகத்தை வைத்துக்கொண்டு தத்துவம் பேச முடியாது. மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போகலாம் வாங்க என்றும் கூப்பிடவில்லை. (மாட்டுக்கு எங்கே போவது?) ஆனால் ஒன்று கவனித்தேன். நரசிம்மலு நாயுடு காலத்தில் வசதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இருந்தது அதே உப்புக் கிணறுதான். 1972ல் பெரிய தோட்டத்துக்காரரும் இரண்டு ஏக்கர்காரரும் கட்டியது அதே பில்தான். அதனால் சேர்ந்து கேட்டார்கள், கிடைத்தது.

இப்போது, சத்தம் போட்டால் எடுபடக்கூடியவர்கள் எல்லோரும் கேனுக்கும் காருக்கும் போய்விட்டோம். பொதுக்குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பது யார்? வாடகை லைன் வீட்டில் இருக்கும் பஞ்சாலைத் தொழிலாளி, வீட்டு வேலைக்குப் போகும் அக்கா, வடக்கே இருந்து வந்து பட்டறையில் வேலை செய்கிற பையன். தண்ணி வருகிற நாளில் அவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நிற்கிறார்கள். அவர்கள் கேட்டால் அது புலம்பல். அவர்களோடு நாமும் சேர்ந்து கேட்டால்தான் அது கோரிக்கை.

அடுத்த முறை உங்கள் வீதிக்குத் தண்ணி வராதபோது கேன்காரருக்கு போன் போடுங்கள், தப்பே இல்லை. அப்படியே வார்டு கவுன்சிலருக்கும் ஒரு போன் போடுங்கள். அவர் பெயர் என்ன என்று தெரியுமுங்களா?